இரண்டு பாதிரிகள்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது நம் நாட்டு விஷயமல்ல. ஜெர்மனி தேசத்தில், செக் நாட்டு எல்லைக்குச் சமீபத்தில், ஒரு குன்றின்மேல் நிற்கும் ஒரு கிராமக் கோயிலைப்பற்றியும், அதைக் கட்டுவித்த ஒரு கத்தோலிக்கப் பங்குப் பாதிரியைப்பற்றியும் பேசப்போகிறேன். "நம் ஊரில் இருக்கிற கோயில்களின் சங்கதி போதாதா? ஜெர்மனிக்குப் போய் ஒரு கோயிலைத் தேடிப் பிடிப்பானேன்?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் ஒரு நண்பர்.

அந்த நண்பர் நன்றாகப் படித்தவர். என்னிடம் அந்தக் கோயிலின் படம் ஒன்றைக் காட்டினார். "கடவுள் இல்லை, மதம் மூடநம்பிக்கை என்று ஊர் ஊராய்ப் பேசுகிறாயே, இதைப் பார். ஒரு பட்டிக்காட்டுப் பாதிரி தன் பக்தியினால் எழுப்பிய கோயில் இது. வெறும் மூடநம்பிக்கையினால் இவ்வளவு அழகான ஒன்று உண்டாகுமா?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லுகிறேன், தோழர்களே! அப்பொழுது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. படம் மிக அழகாகத்தான் இருந்தது. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுவது புரோகிதன் வேலை. ஆகையால், "படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன்" என்று சொல்லி வந்துவிட்டேன். நான் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன். சரியா தப்பா என்பதை நீங்களே யோசித்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் கோயிலின் வரலாறு. ஜெர்மனியில் பவேரியா மாகாணத்தின் வடகிழக்கு மூலையில் மேல் பாலட்டினேட் என்று ஒரு பிராந்தியம் இருக்கிறது. அங்கே வால்ட்ஸாஸன் என்னும் ஊரில் 1133ஆம் வருஷத்தில் ஏற்பட்ட ஒரு பெரிய சன்னியாசி மடம் உண்டு. அதற்குச் சில மைல் தூரத்தில் உள்ள மியூன்ஷன்ராய்ட் என்ற கிராமத்தில் பவுல் எக்கார்ட் என்பவர் பங்குப் பாதிரியாயிருந்தார். அவருடைய முயற்சியினால் 1685ஆம் வருஷம் அஸ்திவாரம் போட்டு 1689இல் கட்டி முடித்த கோயில்தான் இது. இதற்கு ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் 'காப்பிள்'. சிறு கோயில் என்பதுதான் அதற்கு அர்த்தம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்கிற திரித்துவத்துக்கு இது அர்ப்பணம் செய்யப்பட்டது.

இந்தக் கோயிலில் எங்கு பார்த்தாலும் மூன்றுதான். நடுவில் ஒரு முக்கோணம். அதன் மூன்று பக்கங்களிலும் மூன்று அரைவட்டக் கூடங்கள். அவற்றுக்கிடையே வெங்காயம் போன்ற முடியுள்ள மூன்று வட்டக் கோபுரங்கள். கூரைமேல் இன்னும் மூன்று சிறு கோபுரங்கள். மேலே இருந்து பார்த்தால் மூன்று இலை சேர்ந்த ஒரு தழைபோல் இருக்கும். ஐரோப்பாவில் பாரோக் என்று சொல்லப்படும் சிற்ப முறையைச் சேர்ந்தது. வளைவும் நெளிவும், சுதை வேலையும் தங்கப் பூச்சும், கூரையில் ஆகாயமே திறந்ததுபோன்ற சித்திரமும் அந்த முறையின் லட்சணங்கள்.

அழகாயிருக்கிறதா என்று கேட்டால், "ஆம், அழகாயிருக்கிறது" என்று தாராளமாய்ச் சொல்லுவேன். அழகை அழகு என்று ஒப்புக்கொள்ளுவதால் பகுத்தறிவுக்காரனுக்கு ஒன்றும் குறைந்துபோகாது. ஆனால், இந்த அழகு யாருடையது? இதுதான் என் முதற்கேள்வி.

எக்கார்ட் பாதிரி ஒரு கல்லைக்கூடச் செதுக்கியவர் அல்ல. திட்டம் போட்டுக் கட்டினவன் ஜார்ஜ் டீன்ட்ஸன்ஹோபர் என்கிற கொத்தன். 1643இல் மேல் பவேரியாவில் ஒரு குடியானவன் வீட்டில் பிறந்தவன். அவனோடு பிறந்த சகோதரர்களும் இதே தொழிலில் இறங்கி, எல்லோருமே பெயர்பெற்ற கட்டிட நிபுணர்களானார்கள். தம்பி கிறிஸ்டோப் என்பவனும் அவன் மகனும் சேர்ந்து கட்டிய புனித நிக்கலாஸ் கோயில் பிராக் நகரத்தில் இன்றும் நிற்கிறது. ஜார்ஜ், இந்தக் காப்பிள் முடிந்த அதே 1689இல் இறந்துபோனான்.

தோழர்களே! மாடு மேய்த்து ஏர் ஓட்டும் குடும்பத்தில் பிறந்த பிள்ளைகள் இந்த நிலைமைக்கு வந்தது எப்படி? கல்லையும் மரத்தையும் சுண்ணாம்பையும் பழகிப் பழகி, அளவும் கணக்கும் கற்று, ஒரு வளைவு எவ்வளவு பாரம் தாங்கும், ஒரு சுவர் எவ்வளவு கனம் வேண்டும் என்று கண்டறிந்ததினால் வந்தது. திரித்துவத்தை நம்பாத ஒரு கொத்தன் கட்டினாலும் அந்தச் சுவர் நின்றிருக்கும். திரித்துவத்தை எவ்வளவு நம்பினாலும் கணக்குத் தப்பியிருந்தால் கோபுரம் விழுந்திருக்கும். அந்தச் சுவர் எழும்பிக்கொண்டிருந்த 1687ஆம் வருஷத்தில்தான் இங்கிலாந்தில் நியூட்டன், கல் ஏன் கீழே விழுகிறது, கிரகம் ஏன் சுற்றுகிறது என்பவற்றை ஒரே விதியால் விளக்கும் புத்தகத்தை வெளியிட்டார். கோபுரம் நிற்பதற்கு அந்த விதியின் தயவு வேண்டும். எந்தப் பிதாவின் தயவும் வேண்டியதில்லை.

ஆகவே, நண்பர் காட்டிய அழகு மனிதனுடைய அழகு. அதன் புகழ் மட்டும் பாதிரிக்கும் கடவுளுக்கும் போகிறது. சாரம் கட்டியவன், கல் சுமந்தவன், சுண்ணாம்பு குழைத்தவன் ஆகியவர்களின் பெயர்களில் ஒன்றாவது உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. கோயில் வரலாற்றை எந்த நாட்டில் எடுத்துப் பார்த்தாலும் இதுதான் சங்கதி.

பணமாவது யாருடையது? வானத்திலிருந்து பொற்காசு மழை பெய்து எந்தக் கோயிலும் கட்டப்படவில்லை. கோயில் பணம் என்பது காணிக்கை, நில வருமானம், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி ஆகிய இவற்றுக்கு வேறொரு பெயர். கடைத்தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம்மவர்கள் சொல்லுவதுபோல்தான். அதே ஜெர்மனியின் தெற்கே ஸ்டைன்ஹவுஸன் என்ற ஊரில் 1728 முதல் 1733 வரை இன்னொரு கோயில் கட்டினார்கள். உலகத்திலேயே மிக அழகான கிராமக் கோயில் என்று அதற்குப் பெயர். முதலில் போட்ட மதிப்பு 9,000 கில்டர். ஆன செலவோ அதற்கு நான்கு மடங்குக்கு மேல். கட்டுவித்த மடாதிபதியின் பதவி 1733இல் போய்விட்டது. அவ்வளவு அழகான வீட்டைக் கட்டித் தந்தவருக்கு நேர்ந்த கஷ்டத்தில், வீட்டுக்காரராகிய கடவுள் வந்து ஒரு கில்டர்கூடக் கொடுத்து உதவவில்லை!

எக்கார்ட் பாதிரி பணத்தைத் தின்றார் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது. ஆதாரமில்லாமல் ஒருவரைக் குற்றஞ்சாட்டுவது நம் வழக்கமும் அல்ல. அவர் யோக்கியமானவராகவே இருந்திருக்கலாம். நான் கேட்பது அவருடைய யோக்கியதையைப் பற்றியல்ல. அவர் கட்டியது எதற்காக என்பதைப் பற்றித்தான்.

இனி அந்த மூன்றுக்கு வருவோம். கடவுள் ஒருவர்தானாம். ஆனால் அவர் மூன்று பேராம். மூன்று பேரும் தனித்தனியாம். ஆனாலும் ஒருவர்தானாம். கடைக்காரனிடம் மூன்று படி அரிசி கடன் வாங்கி, ஒரு படியைத் திருப்பிக்கொடுத்து, "ஐயா, மூன்றும் ஒன்றும் ஒன்றுதான், இது தேவ ரகசியம்" என்று சொன்னால் அவன் சும்மா விடுவானா? பாதிரிக்கே அப்படிச் சொன்னால் அவர் ஒப்புக்கொள்ளுவாரா? நம் நாட்டில் பிரமா, விஷ்ணு, சிவன் என்று மூன்று பேரை வைத்திருக்கிறார்கள். இவர்கள் மூன்று என்று ஒப்புக்கொண்டு, யார் பெரியவன் என்று சண்டையாவது போடுகிறார்கள். அந்த மட்டுக்கும் இவர்களுக்குக் கணக்குத் தெரிகிறது!

வார்த்தையினால் விளக்க முடியாததைக் கல்லினால் விளக்கப் பார்த்தார்கள். மூன்று கூடம் சேர்ந்து ஒரு கோயில் ஆகவில்லையா, அதுபோல் என்கிறார்கள். மூன்று அறை சேர்ந்தால் ஒரு வீடு ஆகும். ஆனால் ஒவ்வொரு அறையும் முழு வீடு ஆகாது. இவர்கள் சொல்லுவதோ ஒவ்வொருவரும் முழுக் கடவுள் என்பது. ஆகவே கல்லும் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை.

"இதை நம்பாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்கிறீர்களா? அதே பாலட்டினேட்டின் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. 1572ஆம் வருஷம் டிசம்பர் 23ஆம் தேதி, ஹைடல்பர்க் நகரத்துச் சந்தை வெளியில் யோஹானஸ் சில்வானஸ் என்ற ஒரு கிறிஸ்தவ குருவின் தலையை வெட்டினார்கள். குற்றம் என்ன? திரித்துவம் என்பது சரியல்ல என்று எழுதினது. வெட்டச் செய்தது கத்தோலிக்கர் அல்லர். பிராட்டஸ்டண்ட் அரசனான மூன்றாம் பிரெடரிக். இந்த மேல் பாலட்டினேட்டும் அவனுடைய ஆட்சிக்குள்தான் இருந்தது. சரித்திரத்தில் அவனுக்கு என்ன பட்டப்பெயர் தெரியுமா? 'பக்திமான்' என்பது! அதற்கு முன்பே 1553இல் ஜினீவா நகரத்தில், மனித தேகத்தில் நுரையீரல் வழியாக ரத்தம் செல்லுவதை விவரித்த செர்வீட்டஸ் என்ற வைத்தியனை இதே குற்றத்துக்காக உயிரோடு கொளுத்தினார்கள். ஒன்றும் மூன்றும் ஒன்றுதான் என்பதற்கு அத்தாட்சி இதுதான்: முதலில் வாள், பிறகு நெருப்பு, எல்லாம் முடிந்து ஜனங்கள் வாய் மூடின பிறகு அழகான கோயில்.

கோயிலின் உருவத்தில் கொள்கையைக் கட்டுவது என்றதும் எனக்கு நம் திருநெல்வேலிச் சீமை ஞாபகம் வருகிறது. அங்கே வடக்கன்குளம் என்ற ஊரில் இதே கத்தோலிக்க மதத்தார் 1872இல் ஒரு கோயில் கட்டினார்கள். அதை இரண்டு கூடங்களாகப் பிரித்து, இரண்டும் பீடத்தில் வந்து சேரும்படி கட்டினார்கள். வெள்ளாளக் கிறிஸ்தவருக்கு ஒரு கூடம். நாடார் கிறிஸ்தவருக்கு ஒரு கூடம். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் ஒரே கடவுளைக் கும்பிட்டுக்கொள்ளலாம். 1910ஆம் வருஷத்தில்தான் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. ஜெர்மனியில் மூன்றை ஒன்று என்று காட்டக் கல் அடுக்கினார்கள். இங்கே ஒரே மதத்தாரை இரண்டு என்று காட்டக் கல் அடுக்கினார்கள். எந்த ஊரில் எந்தப் பொய் செல்லுமோ அந்தப் பொய்க்குத் தகுந்தாற்போல் கல் வளைந்துகொடுக்கிறது. அவ்வளவுதான்.

இனி நண்பர் சொன்ன பக்தியைப் பார்ப்போம். அந்தப் பிராந்தியத்து ஜனங்களுக்குக் கத்தோலிக்கப் பக்தி எங்கிருந்து வந்தது? 1555இல் ஜெர்மன் அரசர்கள் கூடி ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அரசன் எந்த மதமோ அதுவே குடிகளின் மதம் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் சாரம். அதன்படி 1556இல் பாலட்டினேட் அரசன் லுத்தர் மதத்தை நாட்டு மதமாக்கினான். அடுத்து வந்தவன், சற்று முன் சொன்ன பக்திமான், கால்வின் மதத்துக்கு மாற்றினான். 1576இல் அவன் மகன் திரும்பவும் லுத்தர் மதம் என்றான். 1583இல் திரும்பவும் கால்வின் மதம். பிறகு முப்பது வருஷ யுத்தம் வந்தது. 1620இல் அந்த அரசவம்சத்தான் பிராக் நகரத்துக்குப் பக்கத்தில் தோற்று ஓடினான். பவேரியாவின் கத்தோலிக்க அரசன் மேல் பாலட்டினேட்டைப் பிடித்துக்கொண்டு, 1628இல், கத்தோலிக்கனாக மாறு, அல்லது ஊரைவிட்டுப் போ என்று உத்தரவு போட்டான்.

எழுபத்திரண்டு வருஷத்தில் ஐந்து தடவை அரசாங்க மதம் மாறிற்று. எல்லா உத்தரவும் எல்லாக் கிராமத்திலும் ஒரே மாதிரி நிறைவேறியதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். காப்பிளுக்கு அஸ்திவாரம் போட்ட 1685இல் அந்த ஊரில் எண்பது வயதுக் கிழவன் ஒருவன் இருந்திருந்தால், அவன் பிராட்டஸ்டண்டாகப் பிறந்து, உத்தரவினால் கத்தோலிக்கன் ஆனவனாகத்தான் இருப்பான். அவன் பேரன்தான் "என் பாட்டன் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை" என்று சொல்லிக் கல் சுமந்திருப்பான். அரசன் யுத்தத்தில் ஜெயித்தால் ஒரு மோட்சம், தோற்றால் வேறொரு மோட்சம் என்றால், இது கடவுள் கொடுத்த மதமா, சர்க்கார் கொடுத்த மதமா?

இப்படி மாற்றப்பட்ட ஜனங்களைத் திரும்பிப் போகாமல் பிடித்து வைக்க ஏதாவது வேண்டுமல்லவா? 1545 முதல் 1563 வரை டிரெண்ட் என்ற ஊரில் கத்தோலிக்கத் தலைவர்கள் கூடிய பெரிய சபை, படங்களின் மூலமாகவும் ஜனங்களுக்கு மதத்தைப் போதிக்க வேண்டும் என்று கடைசியில் தீர்மானித்தது. லுத்தர், பைபிளை ஜனங்களின் பாஷையில் அச்சுப் போட்டுக் கையில் கொடுத்தார். அதில் இருப்பது எல்லாம் உண்மை என்று நான் சொல்லவில்லை. ஆனால் புத்தகம் கையில் இருந்தால் மனிதன் இன்றைக்கில்லாவிட்டாலும் நாளைக்காவது, "இது ஏன் இப்படி?" என்று கேட்பான். கூரையில் தங்கமும் ஆகாயமும் தேவதூதர்களும் இருந்தால் அவன் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்ப்பான். வாய் பிளந்திருக்கும்போது கேள்வி வராது. பாரோக் கோயில் என்பதன் உபயோகம் இதுதான்.

இது மிகைப்படுத்திச் சொல்லுவது என்று நினைப்பவர்கள் பக்கத்திலுள்ள வால்ட்ஸாஸன் மடத்துக் கோயிலுக்குப் போய்ப் பார்க்கலாம். 1688 முதல் 1765 வரையில் ரோமாபுரியின் சுரங்கக் கல்லறைகளிலிருந்து எலும்புக்கூடுகளை வரவழைத்து, வேதசாட்சிகள் என்று பெயர் வைத்து, பட்டும் சரிகையும் கல் இழைத்த நகைகளும் பூட்டி, கண்ணாடிப் பேழைக்குள் நிறுத்தியும் கிடத்தியும் வைத்திருக்கிறார்கள். முழு எலும்புக்கூடு மட்டும் பத்து. யாருடைய எலும்போ! உயிரோடிருந்தபோது அவர்களில் எவனாவது இடுப்பில் ஒரு முழப் பட்டு கட்டியிருப்பானா? அவற்றுக்கு ஆண்டுதோறும் விழாவும் உண்டு. நம் ஊரில் செம்புச் சிலைக்கு நகை போட்டுத் தேரில் வைப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கவேண்டாம். அவர்களும் நம்மைப் பார்த்து இப்படியேதான் சிரிக்கிறார்கள்!

சரி, இவ்வளவு செய்தும் அந்தக் கடவுள் தன் வீட்டையாவது காப்பாற்றிக்கொண்டாரா? 1803இல் வால்ட்ஸாஸன் மடத்தைக் கலைத்துச் சொத்தை எடுத்துக்கொண்டது எந்த நாஸ்திகனும் அல்ல. கத்தோலிக்கப் பவேரிய சர்க்கார். 1880இல் காப்பிள் தீப்பற்றிக் கூரைச் சித்திரங்கள் போயின. இன்றுள்ள சித்திரங்கள் 1934 முதல் 1940 வரையில், அதாவது ஹிட்லர் ஆட்சியில், புதிதாக எழுதப்பட்டவை. அந்தக் கூரையில் மோட்சத்தை எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே மேல் பாலட்டினேட்டில், பிளாஸன்பூர்க் என்ற இடத்தில் 1938இல் ஒரு கைதி முகாம் ஏற்பட்டது. மலையில் கருங்கல் உடைக்க மனிதர்களை அங்கே கொண்டுபோனார்கள். 1945க்குள் அந்த முகாமிலும் அதன் கிளைகளிலுமாக ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் அடைக்கப்பட்டு, 30,000 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். மூன்று கோபுரத்தில் குடியிருந்த மூன்று பேரில் ஒருவருக்காவது அந்தக் கூக்குரல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏன் வரவில்லை? கேட்கவில்லையென்றால் சர்வஞானி என்று ஏன் சொல்லவேண்டும்?

தோழர்களே! என் நண்பருக்கு இதுவரையில் பாதிப் பதில்தான் சொன்னேன். மற்றப் பாதியைச் சொல்ல இன்னொரு பாதிரியை அழைத்துவர வேண்டும்.

காப்பிள் கட்டி முடிந்த அதே 1689ஆம் வருஷத்தில், பிரான்சு தேசத்தில் எத்ரெப்பினி என்ற ஒரு சிறு கிராமத்துக்கு ஒரு வாலிபர் பங்குப் பாதிரியாக வந்து சேர்ந்தார். அவர்தான் ஜீன் மெஸ்லியர். 1664இல் பிறந்தவர். எக்கார்டுக்கு இருந்த அதே வேலை, அதே அங்கி, அதே பூசை. மெஸ்லியர் கோபுரம் எதுவும் கட்டவில்லை. நாற்பது வருஷம் அந்த ஊரிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார், கலியாணம் செய்துவைத்தார், பிணம் அடக்கம் செய்தார். ஒரு சமயம், குடியானவர்களை இம்சித்த ஊர்ப் பிரபுவுக்காகக் கோயிலில் ஜபம் செய்ய மறுத்தார். மேலதிகாரியான ரீம்ஸ் நகரத்து ஆர்ச்பிஷப்போ பிரபுவின் கட்சி பேசி இவரைத்தான் கண்டித்தார். இது தவிர வெளியே தெரிந்தது ஒன்றுமில்லை.

1729இல் அவர் இறந்துபோனார். பிறகு பார்த்தால், தன் கையாலேயே மூன்று பிரதி எழுதி வைத்திருந்த ஒரு பெரிய புத்தகம் வெளிப்பட்டது. கடவுள் இல்லை, மதங்கள் எல்லாம் மனிதன் கட்டிய கதை, அரசர்களும் பிரபுக்களும் ஜனங்களை அடக்கி வைக்கக் குருமார்கள் துணை நிற்கிறார்கள் என்று அதில் விஸ்தாரமாக எழுதியிருந்தார். தன் பங்கு ஜனங்களை இத்தனை வருஷம் ஏமாற்றியதற்காக அவர்களிடம் மன்னிப்பும் கேட்டிருந்தார். 'மரண சாசனம்' என்ற பெயரால் இவரைப்பற்றி நம் இயக்கத்தார் வெகுகாலமாக அறிவார்கள். ஆனால் இங்கே ஒன்று சொல்லாவிட்டால் நாமும் புரட்டுக்காரர்கள் ஆவோம். ஐரோப்பாவில் இவர் பெயரால் பரவிய புத்தகம் ஒன்று, உண்மையில் ஓல்பாக் என்ற நாஸ்திகர் 1772இல் எழுதியது. வால்டேர் 1762இல் வெளியிட்ட சுருக்கமோ, மெஸ்லியரின் நாஸ்திகத்தை விலக்கிவிட்டுக் கடவுள் நம்பிக்கையுள்ளவராக அவரைக் காட்டியது. அவர் எழுதியது முழுவதும் அச்சானது 1864இல், ஆம்ஸ்டர்டாம் நகரத்தில். அதாவது அவர் செத்து 135 வருஷம் கழித்து!

பார்த்தீர்களா? ஒரு பாதிரி மூன்று கோபுரம் கட்டினார். அதைப் பார்க்க இன்றைக்கும் ஜனங்கள் குன்றேறிப் போகிறார்கள். இன்னொரு பாதிரி மூன்று பிரதி எழுதினார். அது வெளியில் வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. என் நண்பர் கோபுரத்தைக் காட்டி, "பக்தியின் பலனைப் பார்" என்றார். நான் அந்தக் காகிதத்தைக் காட்டி, "அதே பீடத்துக்குப் பின்னால் நின்றவன் என்ன நினைத்தான், பார்" என்கிறேன். அக்காலத்தில் எத்தனை கோயில்களின் பீடத்தில் இப்படி ஊமையாய் ஒருவன் நின்றானோ, யார் கண்டார்கள்?

ஆனாலும், தோழர்களே, மெஸ்லியர் விஷயத்தில் எனக்கு ஒரு பெரிய வருத்தம் உண்டு. நாற்பது வருஷம் தெரிந்தே பூசை செய்தாரே! அவர் கையால் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் அவரை நம்பியே வளர்ந்து, அவரை நம்பியே கிழவர்களானார்கள். செத்த பிறகு கேட்ட மன்னிப்பு அவர்களுக்கு என்ன பிரயோஜனம்? ஆனால் அவருக்கு ஒரு சமாதானம் உண்டு. அவர் இறந்து 37 வருஷம் கழித்து, 1766இல்கூட, அதே பிரான்சில் லா பார் என்ற ஒரு வாலிபனை, சாமி ஊர்வலம் போகும்போது தொப்பியை எடுக்கவில்லை என்பது முதலான குற்றங்களுக்காகத் தலையை வெட்டி, உடலைக் கொளுத்தினார்கள். அப்படிப்பட்ட நாட்டில் மெஸ்லியர் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லவேண்டுமா?

நமக்கு என்ன சமாதானம் இருக்கிறது? இங்கே உட்கார்ந்து கை தட்டுகிற வாலிபர்களைத்தான் கேட்கிறேன். இங்கே கடவுள் இல்லை என்றால் கை தட்டுகிறீர்கள். வீட்டுக்குப் போனால் தகப்பனார் திவசத்துக்குப் பார்ப்பானைக் கூப்பிட்டு, அரிசியும் காய்கறியும் அளந்து கொடுத்து, காலிலும் விழுகிறீர்கள். கேட்டால், "அம்மா வருத்தப்படுவாள், மாமனார் கோபித்துக்கொள்ளுவார், பெண் கொடுக்கமாட்டார்கள்" என்கிறீர்கள். மெஸ்லியருக்கு முன்னால் நெருப்பு இருந்தது. உங்களுக்கு முன்னால் இருப்பது மாமனாருடைய முகச்சுளிப்பு. இதற்கே வாய் அடைத்துப்போனால் எந்தக் காலத்தில் பேசப்போகிறீர்கள்? உங்கள் குழந்தைகளுக்கும் நீங்கள் ஒரு மரண சாசனம்தான் எழுதி வைக்கப்போகிறீர்களா?

1929ஆம் வருஷம் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாட்டிலேயே, கோயில் வணக்கத்துக்கென்று பணம் செலவிடுவதைக் கண்டித்துத் தீர்மானம் செய்தாகிவிட்டது. தீர்மானம் காகிதத்தில் இருக்கிறது. கோயில்களோ வீதியில் பெருகிக்கொண்டிருக்கின்றன. காகிதத்துக்கும் வீதிக்கும் நடுவில் நிற்கிறவர்கள் நீங்கள்தான்.

ஆகையால் நான் கேட்டுக்கொள்ளுவது இவ்வளவுதான். அழகான கோயிலைக் கண்டால் கொத்தனைப் புகழுங்கள். பணம் யாருடையது என்று கேளுங்கள். அந்த நம்பிக்கை எந்த அரசன் காலத்தில், எந்த உத்தரவினால் வந்தது என்று விசாரியுங்கள். விசாரித்துத் தெரிந்துகொண்டதை மூன்று பிரதி எழுதிப் பெட்டியில் பூட்டி வைக்காமல், உயிரோடிருக்கும்போதே, உங்கள் வீட்டுக் கூடத்தில், உங்கள் பெண்டு பிள்ளைகளுக்கு முன்னால், வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.